டிராவிஸ் குளோக்கின் சறுக்கலுக்கு செட் ஷாட் மட்டும்தான் காரணமா?

3 ஜூன் 2025

"குளோக்குக்கு நேராக உதைக்க வராது. நடுவில் இரண்டு வருஷம் அதிர்ஷ்டம் அடித்தது, அப்புறம் அது தீர்ந்துவிட்டது. இதில் பேச என்ன இருக்கிறது?"

கேட்டவர் என்னைப் போலவே, ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் கோலிங்வுட் கிளப்பின் ரசிகர். அதனாலேயே சும்மா விட மனம் வரவில்லை.

கோல் அடிக்கும் முன்வரிசைக்காரரான டிராவிஸ் குளோக், கிளப்புகள் முறைவைத்துப் புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில், 2004-இல் கோலிங்வுட்டுக்கு வந்தவர்; அப்பா ஆடிய கிளப்பே மகனை எடுத்துக்கொள்ளலாம் என்கிற தந்தை-மகன் விதியின்படி. 2005-இல் முதல் ஆட்டம். 2007-இல், இருபது வயதில், கிளப்பின் அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் என்று கோப்லண்ட் கோப்பை வாங்கினார். 2010-இல் சாம்பியன் அணியில் இருந்தார். 2011-இல் 69 கோல், 2013-இல் 68 கோல், இரண்டு ஆண்டும் லீகின் சிறந்தவர்களைப் பொறுக்கிச் சேர்க்கும் ஆல்-ஆஸ்திரேலியன் அணியில் இடம். இத்தனை வருஷம் நீள்வதற்கு அதிர்ஷ்டம் என்று பெயர் வைக்க முடியாது.

அப்புறம் 2014-இல் 39 கோல். 2016-இல் நிலைமை இன்னும் மோசம்; பல வாரங்கள் முதல் அணியிலேயே இடமில்லாமல் விஎஃப்எல் என்கிற கீழ்நிலை லீகில் ஆடிக்கொண்டிருந்தார். ஒப்பந்தத்தில் ஒரு வருஷம் மிச்சம் இருக்கும்போதே அந்த ஆண்டு இறுதியில் வெஸ்டர்ன் புல்டாக்ஸுக்குப் போனார். பதிலுக்கு நமக்குக் கிடைத்தது டிராஃப்ட்டில் 76-ஆவது தேர்வு. இரண்டு முறை ஆல்-ஆஸ்திரேலியனாக இருந்தவருக்கு அவ்வளவுதான் விலை.

ஆகவே சறுக்கலை யாரும் மறுக்கவில்லை. சறுக்கியது அவருடைய உதையா, வேறு ஏதாவதா என்பதுதான் கேள்வி. உதை இல்லை என்பது என் கட்சி.

3 ஜூன், இரவு

இந்த ஆட்டத்தைப் பார்க்காத சிலர் கேட்டிருக்கிறார்கள், அதனால் சுருக்கமாக. கோல் பக்கத்தில் நான்கு கம்பங்கள். நடுவில் இருக்கும் உயரமான இரண்டுக்கும் இடையே 6.4 மீட்டர். அதற்குள் உதைத்தால் கோல், 6 புள்ளி. பக்கத்துக் குட்டைக் கம்பத்துக்குள் போனால் பிஹைண்ட், 1 புள்ளி. உதைத்து வரும் பந்தைத் தரையில் படாமல் சுத்தமாகப் பிடித்தால் மார்க். மார்க் எடுத்தவரை யாரும் தொடக்கூடாது. அவர் பின்னால் போய் நின்று, ஓடி வந்து உதைக்கலாம். அதுதான் செட் ஷாட்.

மற்ற நேரமெல்லாம் 36 பேர் ஓடுகிற ஆட்டம். செட் ஷாட்டில் மட்டும் மைதானமே நின்று ஒரே ஆளைப் பார்க்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருகிறேன்.

4 ஜூன்

"நிறையத் தவறவிட்டார், அதனால் ஃபார்ம் போனது" என்கிறவர்களுக்கு ஒரே ஒரு ஆண்டைக் காட்டுகிறேன். 2008, லான்ஸ் ஃபிராங்க்லின், ஹாதார்ன். 113 கோல், 88 பிஹைண்ட். எண்பத்தெட்டு! அந்த ஆண்டு ஹாதார்ன் சாம்பியன். ஃபிராங்க்லினுக்கு ஃபார்ம் இல்லை என்று ஒருவர் வாய் திறக்கவில்லை. ஆட்டத்துக்கு ஆட்டம் அத்தனை வாய்ப்பு அவரிடம் வந்துகொண்டிருந்தது, தவறியதை யாரும் பொருட்படுத்தவில்லை.

குளோக்கும் 2011-இல் ஏராளமாகத் தவறவிட்டார். 2013-இலும்தான். அப்போது அதை "அவர் அப்படித்தான், பரவாயில்லை" என்று விட்டோம். பந்து வருவது குறைந்த பிறகுதான் ஒவ்வொரு தவறும் கண்ணை உறுத்த ஆரம்பித்தது. ஒரு ஆட்டத்தில் ஏழு முறை உதைக்கிறவர் மூன்றைத் தவறவிட்டால் அவர் நாயகன். இரண்டே முறை உதைக்கிறவர் ஒன்றைத் தவறவிட்டால் அன்று இரவு ரேடியோ முழுக்க அதுதான் பேச்சு.

5 ஜூன்

உதையில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. இருந்தது.

என் மகன் ஆஸ்கிக் என்கிற சிறுவர் பயிற்சியில் சேர்ந்த வருஷம், அங்கே பயிற்சி தந்த ஒரு அப்பா பிள்ளைகளிடம் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்வார்: காலை மறந்துவிடு, கையைக் கவனி. டிராப் பன்ட் உதையில் பந்தைச் செங்குத்தாகப் பிடித்து, ஒரு கையால் இடுப்புக்குக் கீழே வரை கொண்டுபோய் விட வேண்டும். கையை விட்டபின் காலில் படும்வரை பந்து யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லை. அந்தச் சின்ன இடைவெளியில் பந்து கொஞ்சம் சாய்ந்தாலும் காலால் அதைச் சரிசெய்ய முடியாது. ஐம்பது மீட்டர் தாண்டிப் போகும்போது அந்தச் சாய்வு ஒரு கம்பத்தின் அகலமாகவோ மூன்று கம்பத்தின் அகலமாகவோ விரிந்துவிடும். எல்லை ஓரத்தில் நின்று பிள்ளைகளைப் பார்த்தபோதுதான் குளோக்கின் உதையே எனக்கு ஒழுங்காகப் புரிந்தது. அவருடைய பந்து கையிலிருந்து விழுவது முறைக்கு முறை மாறும். டிவியில் மெதுவாகப் போட்டால் நன்றாகவே தெரியும்.

ஆனால் அதே கைதான் 69 கோல் அடித்தது. 2011 இறுதிப்போட்டியின் முதல் பாதியைப் போட்டுப் பாருங்கள். மூன்று கோல், அதில் 50 மீட்டர் கோட்டுக்கு வெகு வெளியிலிருந்து போனவையும் உண்டு. தூரத்திலிருந்து உதைக்கும்போது அவருக்கு யோசிக்க ஒன்றுமில்லை, முழு பலத்தோடு அடிக்கலாம். முப்பது மீட்டரில் நிற்கும்போதுதான் வழிநடத்தப் பார்ப்பார். அங்கேதான் பந்து சாயும். இது என் கணிப்பு மட்டுமில்லை, அந்தக் காலத்தில் குளோக்கைப் பார்த்த பலரும் சொன்னதுதான்.

7 ஜூன்

இனி முக்கியமான விஷயம். கொஞ்சம் நீளும்.

மிக் மால்ட்ஹவுஸ் நமக்குப் பயிற்சியாளராக இருந்த கடைசி இரண்டு ஆண்டுகள், 2010, 2011. கோலிங்வுட்டின் ஆட்டமுறை அப்போது ஊருக்கே தெரியும். பந்தை நடுவழியே கொண்டுபோய் ஆபத்தை விலைக்கு வாங்காமல் எல்லைக்கோட்டை ஒட்டியே நீளமாக உதைப்பார்கள். அந்த உதை வந்து இறங்கும் இடத்தில் குளோக் நிற்பார். இரண்டு பேர் முதுகில் தொங்கினாலும் பிடிப்பார். பிடிக்காவிட்டால் பந்து அவர் காலடியில் விழும், சிறிய ஆட்டக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள். இல்லையென்றால் எல்லைக்கு வெளியே போய்விடும், அங்கே நம் ஆட்கள் தயாராக நிற்பார்கள். எதிரணி கையில் சிக்கினாலும் முழு அணியும் முன்னேறி வந்து வழியை அடைத்துவிடும். பந்து மறுபடி மறுபடி நம் முன்வரிசைக்கே வரும். 2011-இல் ஹோம் அண்ட் அவே என்கிற வழக்கமான லீக் ஆட்டங்கள் 22-இல் 20 வெற்றி. தோற்ற இரண்டும் ஜீலாங்கிடம். இறுதிப்போட்டியில் தோற்றதும் அவர்களிடமே, 119-81.

குளோக்குக்குப் பந்து கொடுத்தவர்கள் யார்? அந்த ஆண்டு லீகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கம் வாங்கிய டேன் ஸ்வான். 2010-இல் சமனில் முடிந்து மறுபடி ஆடிய இறுதிப்போட்டியில், அந்த ஆட்டத்தின் சிறந்தவருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் வாங்கிய ஸ்காட் பெண்டில்பரி. டேல் தாமஸ், டேன் பீம்ஸ். பின்னாலிருந்து ஹீத் ஷா. முன்வரிசையில் பக்கத்துணையாக கிறிஸ் டாவ்ஸ், நடுவர் மேலே போடும் பந்தை எம்பித் தட்டும் ரக் இடத்தில் டேரன் ஜாலி. உயரமானவர் இன்னொருவர் இருந்தால் எதிரணியின் இரண்டாவது தடுப்பாளர் தன் ஆளை விட்டுவிட்டு குளோக் மேல் வந்து விழ முடியாது. தடுப்புக் கணக்கில் இதுதான் பெரிய விஷயம்.

இனி வெளியேறியவர்களைப் பாருங்கள். 2012 முடிவில் டாவ்ஸ் மெல்பர்ன் கிளப்புக்கு. 2013 முடிவில் தாமஸ் கார்ல்டனுக்கு, ஷா ஜிடபிள்யூஎஸ் (கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னி) கிளப்புக்கு, ஜாலி அணியை விட்டு. 2014 முடிவில் பீம்ஸ் பிரிஸ்பேனுக்கு. நிக் மேக்ஸ்வெல், லூக் பால் ஓய்வு. 2016-இன் முதல் ஆட்டத்திலேயே ஸ்வானின் பாதம் உடைந்தது, அதோடு அவர் ஆட்டமும் முடிந்தது. 2006 முதல் 2013 வரை ஒரு ஆண்டுகூட விடாமல் ஃபைனல்ஸ் என்கிற இறுதிச் சுற்றுகளுக்குப் போன கிளப் 2014-இல் 11-ஆவது இடம், அடுத்த இரண்டு ஆண்டும் 12-ஆவது இடம்.

இத்தனை பேர் போன பிறகும் அதே 32-ஆம் எண் சட்டைக்காரரிடம் 69 கோலை எதிர்பார்த்தோம்.

7 ஜூன், பிறகு

நல்ல மறுப்பு ஒன்று வந்திருக்கிறது. "டாவ்ஸ் போனது 2012 முடிவில். 2013-இல் குளோக் 68 கோல் அடித்தாரே?"

சரியான கேள்வி. டாவ்ஸ் என்கிற தனி மனிதர் காரணமில்லை, அவர் நின்ற இடம்தான் காரணம். 2013-இல் அந்த இடத்தில் வெஸ்ட் கோஸ்ட்டிலிருந்து வந்த குவின்டன் லிஞ்ச் நின்றார், ஜாலியும் அணியில் இருந்தார். முன்வரிசையில் கூட்டம் குறையவில்லை. 2014-இலிருந்துதான் அந்த இடம் ஆட்டத்துக்கு ஆட்டம் கைமாறிக்கொண்டே இருந்தது.

8 ஜூன்

இன்னொரு காரணம், இதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. 2014-இல் ஒரு ஆட்டத்துக்கு இவ்வளவுதான் ஆள் மாற்றலாம் என்று உச்சவரம்பு வந்தது: 120. 2016-இல் அதை 90-ஆகக் குறைத்தார்கள். இந்தக் காலத்து உயரமான முன்வரிசைக்காரர் கோல் முன்னாலேயே நிற்பவர் இல்லை. மைதானத்தின் பாதிக்கு மேல் ஓடிப்போய் மார்க் எடுத்து, மறுபடி ஓடிவந்து, மூச்சு வாங்க நின்று உதைக்க வேண்டும். ஓய்வு குறைந்தால் நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒருவருக்கு முதலில் போவது நிதானம். கையிலிருந்து பந்தை ஒரே மாதிரி விடுவதற்கு அந்த நிதானம்தான் வேண்டும்.

ஆகவே உதையும் ஒரு பங்கு என்பதை ஒத்துக்கொள்கிறேன். முதல் காரணமாக அதை வைப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

9 ஜூன்

மன்னர் பிறந்தநாள் ஆட்டம். எம்சிஜியில் கோலிங்வுட்டும் மெல்பர்னும். பார்த்த இடமெல்லாம் நீலக் குல்லாய். மோட்டார் நியூரான் நோய் ஆராய்ச்சிக்காக நீல் டேனிஹர் தொடங்கிவைத்த பனிக்கட்டிச் சறுக்கு ஆட்டத்துக்கு முன்னால் நடந்தது. நல்ல குளிர். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்.

ஆட்டத்தில் ஒரு செட் ஷாட் தவறியது. எனக்குப் பின்னால் ஒரே முனகல். அதைக் கேட்டதும் 2015, 2016 ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது நான் பெரும்பாலும் உடன் வேலை பார்த்த ஒரு இத்தாலிய வம்சாவளிப் பெரியவரோடு போவேன். சின்ன வயதில் கோலிங்வுட்டின் பழைய மைதானமான விக்டோரியா பார்க்கில் ஆட்டம் பார்த்தவர், எனக்கு இந்த ஆட்டத்தின் நெளிவுசுளிவுகளைச் சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். குளோக் மார்க் எடுத்தால் கூட்டம் ஆரவாரம் செய்யும். அவர் பின்னால் போய் நிற்கத் தொடங்கியதும் ஆரவாரம் அடங்கி வேறொரு சத்தம் வரும். முணுமுணுப்பு, சிரிப்பு, "ஐயோ, இவனா" என்கிற மாதிரி. பந்து இன்னும் கையை விட்டுப் போகவே இல்லை! பெரியவர் தலையைத் திருப்பிக்கொள்வார். "உதையைப் பார்க்கப் பயமில்லை. இந்தச் சத்தத்தைத்தான் கேட்க முடியவில்லை" என்பார்.

அந்தச் சத்தம் மைதானத்தின் நடுவரைக்கும் கேட்கும். அறுபதாயிரம் பேர் ஒன்றாக முனகினால் யாருக்குத்தான் கேட்காது? மூன்றாம் தேதி இரவு எழுதியதை இங்கே சேர்த்துப் படியுங்கள். அணியில் யாருக்கு எந்த இடம் காலியாக இருக்கிறது, எதிரணித் தடுப்பு எப்படி நகர்கிறது என்பதெல்லாம் பார்வையாளர் கண்ணில் எளிதில் படாது. ஒருவர் தனியாக நின்று உதைத்துத் தவறவிடுவது கடைசி வரிசையில் இருக்கிறவருக்கும் தெரியும். அதனால் அணியின் சரிவு முழுவதையும் அந்த ஒரு உதையின் கணக்கில் எழுதிவிட்டோம்.

10 ஜூன்

"2012-இல் வருஷம் முழுக்க ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் இழுத்தார், ரசிகர்களுக்குக் கோபம் வராதா?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

கோபம் இருந்தது, மறுக்கவில்லை. வேறு கிளப்புக்குப் போகிறார் என்று வாராவாரம் செய்தி வந்தது. கடைசியில் ஐந்து ஆண்டுக்குக் கையெழுத்துப் போட்டு இங்கேயே இருந்தார். அந்த இழுபறி நடந்த ஆண்டில் அவர் அடித்தது 59 கோல். சந்தேகம் சூழ்ந்திருந்தபோது நன்றாக ஆடியவர், பாதுகாப்பான ஒப்பந்தம் கையில் இருந்தபோது சறுக்கினார். பணம் வந்ததும் சோம்பல் வந்தது என்று இதை வைத்து ஒரு கதை கட்டலாம். கட்டினார்கள். அதே ஒப்பந்தத்தின் முதல் ஆண்டில்தான் 68 கோல் என்பதை வசதியாக விட்டுவிட்டார்கள்.

குளோக் குடும்பத்தோடு கோலிங்வுட்டுக்கு இருந்த உறவே விசித்திரமானது. அப்பா டேவிட் குளோக் 1980 இறுதிப்போட்டியில் ரிச்மண்டுக்காக நமக்கு எதிராக ஆறு கோல் அடித்தவர். பிறகு அவரே நம் கிளப்புக்கு வந்து ஆடினார். அந்த ஆட்டங்களின் கணக்கில்தான் மகன்கள் ஜேசன், கேமரன், டிராவிஸ் மூவரும் கறுப்பு வெள்ளைச் சட்டை போட்டார்கள். 1980-ஐ மறக்காத பெரியவர்கள் சிலர் மகனையும் அதே கண்ணால் பார்த்தார்கள் என்று எனக்குத் தோன்றும்.

13 ஜூன்

புல்டாக்ஸ் காலத்தைப் பற்றி எழுதத் தயங்கினேன். ஆனால் அதை விட்டுவிட்டு இந்தப் பேச்சு முழுமையாகாது.

2017-இன் முதல் சுற்றிலேயே பழைய கிளப்புக்கு எதிராக எம்சிஜியில் ஆடினார். ஜூனில், மனநலக் காரணத்துக்காக ஆட்டத்திலிருந்து விலகி இருக்கப்போவதாக அறிவிப்பு வந்தது. கொஞ்ச நாளில் அதே கிளப்பின் டாம் பாய்டும் அதே காரணத்துக்காக விலகினார். பாய்ட் 2013 டிராஃப்ட்டின் முதல் தேர்வு, ஏழு ஆண்டு ஒப்பந்தத்தோடு வந்தவர், 2016 இறுதிப்போட்டியில் மூன்று கோல் அடித்துக் கோப்பை வாங்கித் தந்தவர். 23 வயதில், 2019-இல் ஓய்வு பெற்றுவிட்டார். குளோக் அந்த 2017 நவம்பரிலேயே ஓய்வை அறிவித்தார். மொத்தம் 256 ஆட்டம், அதில் 246 கோலிங்வுட்டுக்கு.

செய்தி வந்ததும் பலர் "ஓ, அதனால்தான் உதை போயிருக்கிறது" என்றார்கள். நல்லெண்ணத்தில் சொன்னாலும் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒருவர் தன் நோயைப் பற்றித் துணிந்து வெளியே சொன்னால், அதை நம்முடைய பழைய வாதத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் நன்றாக இருந்த காலத்திலும் தவறவிட்டவர்தான். நோயை நோயாகவும் ஆட்டத்தை ஆட்டமாகவும் தனித்தனியே பார்ப்பதுதான் அவருக்கு நாம் கொடுக்கிற மரியாதை.

14 ஜூன்

"அப்போ ஃபார்ம் போனவர்கள் எல்லோரும் கிளப் மாறினால் சரியாகிவிடுமா?"

இல்லை. ஆனால் மாறிச் சரியானவர்கள் உண்டு. ஜெஸ்ஸி ஹோகன், 2015-இல் லீகின் சிறந்த இளம் ஆட்டக்காரருக்கான ரைசிங் ஸ்டார் விருது வாங்கியவர், மெல்பர்ன் கிளப். 2017-இல் புற்றுநோய்ச் சிகிச்சை, அதே ஆண்டு அப்பாவின் மரணம். பிறகு ஃபிரீமேண்டில், அங்கேயும் நிலைக்கவில்லை. மூன்றாவது கிளப்பான ஜிடபிள்யூஎஸ்ஸில், 2024-இல், அதிக கோல் அடித்தவருக்கான கோல்மன் பதக்கம். பக்கத்தில் நல்ல நடுக்களம், கூடவே மற்ற உயரக்காரர்கள்.

நம் கிளப்பில் இருந்த ரக்மேன் ப்ரோடி கிரண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018, 2019 இரண்டிலும் ஆல்-ஆஸ்திரேலியன், 2020-இல் ஏழு ஆண்டு ஒப்பந்தம், 2022-இல் முழங்கால் காயம், அந்த ஆண்டு இறுதியிலேயே மெல்பர்னுக்கு. அங்கே மேக்ஸ் கான் ஏற்கெனவே ரக்கில் நிற்க, இவருக்கு இடமே சரியாக அமையவில்லை. சிட்னிக்குப் போய்த் தனி ரக்மேனாக நின்றதும் பழையபடி ஆடினார், 2024 இறுதிப்போட்டி வரைக்கும் போனார். இடம் மாறியது, அவர் மாறவில்லை.

குளோக் புல்டாக்ஸுக்குப் போனபோது அவருக்கு 29 வயது. மூன்று வருஷம் முன்னால், உடம்பில் இன்னும் வேகம் இருந்தபோது, முன்வரிசையில் இரண்டு உயரக்காரர்கள் இருந்த ஓர் அணி அவரை எடுத்திருந்தால் பேச்சே வேறாக இருந்திருக்கும்.

18 ஜூன்

கடைசியாக ஒருவர் கேட்டது: குளோக்குக்கு எதிராக ஆடியவர்களில் சிறந்த தடுப்பாளர் யார்?

யோசிக்கவே தேவையில்லை, ஜீலாங்கின் டாம் லோனர்கன். 2011 இறுதிப்போட்டியின் முதல் பாதியில் குளோக் மூன்று கோல் அடித்து மிரட்டினார். லோனர்கனை அவர் மேல் மாற்றிவிட்டார்கள்; இரண்டாம் பாதியில் ஒரு கோல்கூட இல்லை. அந்த இரண்டாம் பாதியில் குளோக் செட் ஷாட்டைத் தவறவிட்டதால் நாம் தோற்கவில்லை, உதைக்கவே அவருக்குப் பந்து கிடைக்கவில்லை. லோனர்கன் அவர் உடம்போடு மோதாமல், பந்து வந்து விழும் இடத்துக்கு முன்பே போய் நின்று முஷ்டியால் தட்டிவிட்டுக்கொண்டே இருந்தார். 2006-இல் ஒரு மோதலில் அடிபட்டு சிறுநீரகம் ஒன்றை இழந்தவர் அவர். அதற்கப்புறம் திரும்பி வந்து, லீகிலேயே பலசாலியான முன்வரிசைக்காரரை இறுதிப்போட்டியில் அடக்கினார். எதிரணியாக இருந்தாலும் அந்த ஆட்டத்தை நான் மறுபடி போட்டுப் பார்ப்பது அவருக்காகவும்தான்.